வடிகஞ்சி காயும் முன்னே

சோறு வடித்த கஞ்சி சூடாக இருக்கும்போது தண்ணீர் மாதிரி ஓடும். அரை மணி நேரம் அடுப்படியில் அப்படியே விட்டுவைத்தால் மேலே ஆடை படரும். கரண்டியை விட்டுத் தூக்கினால் இழை இழையாகத் தொங்கும். இன்னும் விட்டால் நீர் சுண்டிப்போய் அடியில் பசை நிற்கும். அந்தக் கஞ்சியில் ஒரு வேட்டியை முக்கி வெயிலில் உலர்த்தினால், சாயங்காலம் துணி அட்டையாக விறைத்திருக்கும். காலையில் ஓடிய அதே பொருள்தான். புதிதாக நாம் எதையும் சேர்க்கவில்லை. நேரம் மட்டும்தான் போயிருக்கிறது.

இதயத்தைச் சுற்றியிருக்கும் உறையில் வரும் காசநோயை நான் புரிந்துகொண்டது இந்தக் கஞ்சியை வைத்துத்தான். அது என் அத்தைக்கு வந்த நோய். மாலையானால் லேசான காய்ச்சல், சோற்றைக் கண்டால் வெறுப்பு, ரவிக்கை தொளதொளவென்று ஆகுமளவு மெலிவு. ஆனால் கால் மட்டும் வீங்கியது, பிறகு வயிறும் வீங்கியது. மெட்டியைக் கழற்ற முடியாமல் ஆசாரியிடம் போய் வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. ஒரு மருத்துவமனையில் ஏழு மாதம் கல்லீரலுக்கு வைத்தியம் பார்த்தார்கள். "கழுத்துல என்னவோ துடிக்குதுடா தம்பி" என்று அத்தை இரண்டு மூன்று முறை சொன்னார். நாங்கள் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. அந்தச் சொல்லில்தான் நோயின் முகவரி இருந்தது. அது ஏன் என்று சொல்வதற்கு முதலில் உறையைப் பார்த்துவிடுவோம்.

பாதி காலியான ஒரு பால் பாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வாயைக் கட்டிவிட்டு, உங்கள் முஷ்டியால் அதன் நடுவில் அழுத்துங்கள். பாக்கெட் மடங்கி முஷ்டியைச் சுற்றிக்கொள்ளும். கையை ஒட்டி ஒரு தாள், அதற்கு வெளியே இன்னொரு தாள், இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் பால். முஷ்டிதான் இதயம், பாக்கெட்தான் இதய உறை. மருத்துவர்கள் பெரிகார்டியம் என்பார்கள். உள்தாள் இதயத்தோடு ஒட்டியிருக்கும். வெளித்தாளுக்கு மேல் நார்த்திசுவால் ஆன கெட்டியான போர்வை ஒன்று உண்டு. நடுவில் இருக்கும் நீர் சாதாரணமாக 15 முதல் 50 மில்லிலிட்டர் வரைதான். ஒன்றிரண்டு பாலாடையில் அடங்கிவிடும். ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கும் இதயம் அக்கம்பக்கத்தில் உரசிப் புண்ணாகாமல் காப்பது அந்தக் கொஞ்ச நீர். ஆப்பச் சட்டியில் தடவும் எண்ணெய் போல, இருப்பதே தெரியாமல் வேலை செய்யும்.

காசநோய்க் கிருமி இங்கே எப்படி வந்தது? பெரும்பாலும் பக்கத்து வீட்டிலிருந்து. மூச்சுக்குழாய் பிரியும் இடத்தைச் சுற்றி நிணநீர்க் கணுக்கள் கொத்துக் கொத்தாக இருக்கின்றன. நுரையீரலுக்குள் போன கிருமியைப் பிடித்து அடைத்துவைப்பது அவற்றின் வேலை. அப்படி ஒரு கணு பழுத்து உடைந்தால் அடுத்த சுவரே இதய உறைதான். சில வேளை கிருமி இரத்தத்தின் வழியாகவும் வரும், நுரையீரலிலிருந்து நேராகப் பரவியும் வரும். நுரையீரல் காசநோய் உள்ள நூறு பேரில் ஒருவர் அல்லது இருவருக்குத்தான் உறையில் நோய் வருகிறது என்பது பொதுவான கணக்கு. காசநோய் பரவலாக உள்ள நாடுகளில் அந்த ஒன்றிரண்டே பெரிய எண்ணிக்கையாகிவிடுகிறது.

உறைக்குள் வந்துசேரும் கிருமிகள் மிகச் சில. ஆனால் உடல் கொள்ளும் கோபமோ மிகப் பெரிது. காய்ந்த எண்ணெயில் ஒரே ஒரு வற்றல் மிளகாய் கருகினால் வீடு முழுக்க இருமுகிறதே, அப்படி. தீங்கின் பெரும்பகுதி கிருமி கடித்ததால் வருவதில்லை. உடல் காட்டும் நெடியால் வருகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால், சோதனையில் கிருமி ஏன் எளிதில் அகப்படுவதில்லை, கிருமியைக் கொல்லும் மாத்திரை மட்டும் ஏன் போதாமல் போகிறது என்ற இரண்டு கேள்விகளும் பின்னால் தாமாக அவிழும்.

இனி கஞ்சிக்கு வருவோம். முதலில் உறையின் தாள்களில் ஃபைப்ரின் என்ற பசைப்புரதம் படிகிறது. நீர் அதிகம் இல்லை. தாள்கள் சொரசொரத்து உரசும், நெஞ்சில் வலி இருக்கலாம். இந்தக் கட்டத்தில் மருத்துவரிடம் வருகிறவர்கள் குறைவு. அடுத்தது நீர் கோத்துக்கொள்ளும் கட்டம். புரதம் நிறைந்த, பல வேளைகளில் இரத்தம் கலந்த நீர் நாட்கணக்கில், வாரக்கணக்கில் ஊறி நிறைகிறது. இது அரிசி களைந்த கழுநீர் அல்ல, வடித்த கஞ்சி; உறைகிற குணம் அதற்குள்ளேயே இருக்கிறது. மூன்றாவது கட்டத்தில் நீர் சுண்டுகிறது. நோயாளிக்கும் வீட்டாருக்கும் சரியாகிவருவது போலத் தோன்றும். உள்ளேயோ கெட்டிப்பசை நிற்கிறது, தாள்கள் தடிக்கின்றன. நான்காவதில் பசை காய்ந்து தழும்பாகி, உறை விறைத்து, இதயத்தை இறுக்கிப் பிடிக்கிறது. சிலருக்குச் சுண்ணாம்பும் ஏறி முட்டை ஓடு போலாகிவிடும்.

எல்லோரும் நான்கு கட்டங்களையும் கடப்பதில்லை. சிகிச்சை இரண்டாவதிலேயே தொடங்கிவிட்டால் பெரும்பாலோர் நான்காவதைப் பார்க்கவே மாட்டார்கள். சிகிச்சையில் நாம் ஓடும் ஓட்டமெல்லாம் இந்தக் காய்தலோடுதான்.

இரண்டாவது கட்டத்திலேயே ஓர் ஆபத்து உண்டு. கோணிப்பையில் அரிசி கொட்டிப் பாருங்கள். பாதிவரை பை மறுப்பே சொல்லாது. முக்கால் தாண்டியதும் கொஞ்சம் முறுக்கும். கழுத்துவரை வந்தபின் கடைசி உழக்கு அரிசிக்குத் தையல் தெறிக்கும். இதய உறையின் வெளிப்போர்வையும் கோணி மாதிரிதான். மெதுமெதுவாக நீர் சேர்ந்தால் வாரக்கணக்கில் இழுபட்டு ஒரு லிட்டருக்கு மேலும் இடங்கொடுக்கும். சட்டென்று சேர்ந்தால் 200 மில்லிலிட்டர், அதாவது ஒரு டம்ளர், உயிருக்கு உலைவைத்துவிடும். ஆகவே எவ்வளவு நீர் என்பதைவிட எவ்வளவு வேகத்தில் என்பதே முக்கியம். இதன் மறுபக்கம் ஆறுதலானது: நிறைந்த கோணியிலிருந்து ஓர் உழக்கை எடுத்தாலே பை தளர்கிறது. மருத்துவர் ஊசி போட்டு முதல் 50, 100 மில்லிலிட்டர் எடுத்ததுமே நோயாளி மூச்சை நீளமாக இழுத்துவிட்டுக் கண் திறப்பது அதனால்தான்.

இறுக்கம் இதயத்தை என்ன செய்கிறது? மூடிபோட்ட எவர்சில்வர் டப்பாவுக்குள் ஒரு தண்ணீர்ப் பை இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். டப்பாவில் மீதி இடத்தை வேறு நீர் அடைத்துவிட்டால் பை விரிய முடியாது. விரியாத பையில் எதை நிரப்புவது? இதயம் பிழியும் வலிமையை இழக்கவில்லை. பிழிவதற்கு உள்ளே இரத்தம் வரவில்லை. வலப்பக்க அறைகளின் சுவர் தோசை மாதிரி மெல்லியது, இடது கீழறையின் சுவர் ஊத்தப்பம் மாதிரி தடித்தது. முதலில் மடங்குவது மெல்லிய வலப்பக்கம். வலப்பக்கம்தான் உடலிலிருந்து திரும்பும் இரத்தத்தை வாங்கிக்கொள்ளும் வாசல். வாசல் அடைபட்டால் இரத்தம் பின்னால் தேங்குகிறது. கழுத்து நரம்பு புடைக்கிறது, கல்லீரல் கனக்கிறது. முன்னால் போகும் இரத்தம் குறைந்து இரத்த அழுத்தம் விழுகிறது. இதய ஒலியோ தண்ணீர்க் குடத்துக்குள்ளிருந்து கேட்பது போல மங்கிவிடுகிறது. கழுத்துப் புடைப்பு, அழுத்த வீழ்ச்சி, மங்கிய ஒலி மூன்றையும் ஒன்றாக வைத்துச் சொன்னவர் அமெரிக்க அறுவை மருத்துவர் கிளாட் பெக், ஆண்டு 1935.

இன்னொரு அடையாளத்தைக் கையால் தொட்டே அறியலாம். மூச்சை உள்ளே இழுக்கும்போது நாடி மெலியும். டப்பாவுக்குள் ஒரு நடுத்தட்டு, இரு பக்கமும் ஆளுக்கொரு மாவு உருண்டை என்று வையுங்கள். மூச்சை இழுக்கையில் வலது உருண்டை பெருக்கிறது. வெளியே விரிய இடமில்லாததால் நடுத்தட்டை இடப்பக்கம் தள்ளுகிறது. இடது உருண்டை சிறுக்க, அந்தத் துடிப்புக்குப் போகும் இரத்தமும் குறைகிறது. மூச்சிழுக்கையில் மேல் இரத்த அழுத்தம் 10 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கினால் மருத்துவர் எச்சரிக்கையாகிவிடுவார். ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் குஸ்மால் 1873-ல் எழுதிவைத்த அடையாளம் இது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. காலும் வயிறும் வீங்கியவருக்கு நீர் பிரியும் மாத்திரை கொடுப்பது வழக்கம். உறையில் நீர் இறுக்கியிருக்கும் இந்த நிலையிலோ அது ஆபத்தாகலாம். அடைபட்ட வாசலைத் தள்ளித் திறந்து உள்ளே போவதற்கு, பின்னால் தேங்கிய இரத்தத்தின் அழுத்தம்தான் துணை. அந்தத் துணையையும் வடித்துவிட்டால் இரத்த அழுத்தம் மேலும் சரியும். வீட்டில் இருக்கிற மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

சரி, உறையில் நீர் இருப்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? எக்ஸ்ரேயில் இதயத்தின் நிழல் அகன்ற அடியும் ஒடுங்கிய கழுத்துமாக, மேடையில் வைத்த மண்குடம் போலத் தெரியும். ஈசிஜியில் கோடுகள் குட்டையாக இருக்கும். நீர் மிக அதிகமென்றால் ஒரு துடிப்பு நெட்டையாகவும் அடுத்தது குட்டையாகவும் மாறி மாறி வரும். கொதிநீரில் ஆடும் முட்டை போல இதயம் நீருக்குள் ஊசலாடுவதால் அப்படி. இவை குறிப்புகள் மட்டும்தான். உறுதி சொல்வது எக்கோ. எவ்வளவு நீர், வலப்பக்கச் சுவர் மடங்குகிறதா என்பதெல்லாம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். காசநோயாக இருந்தால் நீருக்குள் சேமியாப் பாயசம் மாதிரி இழைகள் மிதப்பதும், தாளுக்குத் தாள் பாலம் போட்டிருப்பதும் அடிக்கடி தெரியும். கஞ்சியில் ஆடை படரத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

எக்கோவின் வழிகாட்டலோடு, மரத்துப்போகும் ஊசி போட்டு, மார்பெலும்பின் முனைக்குக் கீழிருந்தோ விலா இடுக்கிலிருந்தோ ஊசி நுழைத்து நீரை எடுக்கிறார்கள். மெல்லிய குழாயை ஓரிரு நாள் உள்ளேயே விட்டு முழுக்க வடிப்பதும் உண்டு. "இதயத்திலயா ஊசி?" என்று குடும்பத்தார் அலறுவதைக் கேட்டிருக்கிறேன். ஊசி போக வேண்டிய இடம் இதயம் அல்ல, பாக்கெட்டின் இரு தாள்களுக்கு நடுவே நிற்கும் நீர். பயிற்சி பெற்ற கைகளில், எக்கோ பார்த்துச் செய்யும்போது, இந்த முறை உயிரைக் காப்பாற்றும். கூடவே, நோயின் பெயரைச் சொல்லும் சான்றையும் வெளியே கொண்டுவரும்.

அந்தச் சான்றைப் படிப்பதுதான் கடினம். கிருமி மிகச் சில என்றேன் அல்லவா? நுண்ணோக்கியில் தேடுவது மூட்டை அரிசியை முறத்தில் கொட்டிக் கல் பொறுக்குவது போன்றது. ஒரு மில்லிலிட்டரில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் கண்ணில் படும். உறைநீரில் பெரும்பாலும் அவ்வளவு இருப்பதில்லை. இரண்டாவது வழி கிருமியை வளர்த்துப் பார்ப்பது. இது தயிருக்கு உறை ஊற்றுவதேதான்; ஒரு துளி மோரிலிருந்து சட்டி முழுக்கத் தயிராகும். ஆனால் பாலில் வளரும் நுண்ணுயிர் ஓர் இரவில் வேலையை முடிக்கும், காசநோய்க் கிருமியோ ஒன்று இரண்டாகவே ஏறத்தாழ 20 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். ஆறு வாரம்வரை காத்திருக்க நேரும். அதற்குள் கஞ்சி காய்ந்துவிடும்.

மூன்றாவது, ஜீன்எக்ஸ்பர்ட் என்ற மரபணுச் சோதனை. கிருமியின் மரபெழுத்தில் ஒரு வரியை எடுத்துப் பல கோடிப் பிரதிகளாகப் பெருக்கிக் கண்டுபிடிக்கும். இரண்டு மணி நேரத்தில் முடிவு வரும், ரிஃபாம்பிசின் மருந்துக்கு அந்தக் கிருமி அடங்குமா என்பதையும் சொல்லும். 'உண்டு' என்று சொன்னால் நம்பலாம். 'இல்லை' என்றால் நம்பிவிடக் கூடாது: கேப்டவுனில் உறைநீரைச் சோதித்த ஓர் ஆய்வில், நோய் இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினரை அது தவறவிட்டது.

கிருமி அகப்படாவிட்டால் கிருமி கிளப்பிய கோபத்தைத் தேடுகிறார்கள். சர்க்கரை எங்கே சிந்தியது என்று தெரியாவிட்டாலும் எறும்பு வரிசை காட்டிக்கொடுக்குமே, அந்த யோசனைதான். காசநோயை எதிர்க்கக் கூடும் வெள்ளணுக்கள் அடினோசின் டீஅமினேஸ் என்ற நொதியை வெளிவிடுகின்றன. ஆய்வுக்கூடச் சீட்டில் ஏடிஏ என்று இருக்கும். உறைநீரில் அது லிட்டருக்கு 40 அலகைத் தொட்டாலோ தாண்டினாலோ காசநோய்க்கு வலுவான சாட்சி. விலை குறைவு, அன்றைக்கே தெரிந்துவிடும். ஆனால் எறும்பு வெல்லத்துக்கும் வரும். சீழ் வைக்கும் வேறு தொற்றிலும், சில நிணநீர்ப் புற்றுநோய்களிலும் ஏடிஏ ஏறும். அதனால் அதே நீரில் எந்த வகை அணுக்கள் மிகுந்திருக்கின்றன, புற்றுநோய் அணு தென்படுகிறதா என்பதையும் பார்த்துத்தான் தீர்ப்பு. சளி, நுரையீரல் எக்ஸ்ரே, ஹெச்ஐவி சோதனை மூன்றையும் விடக் கூடாது.

ஊசி போட வசதியில்லாத ஊர்களும் உண்டு. கேப்டவுன் டைகர்பெர்க் மருத்துவமனை மருத்துவர்கள் அதற்கென்றே ஒரு மதிப்பெண் முறை வகுத்தார்கள். காய்ச்சலுக்கு 1, இரவில் வியர்ப்பதற்கு 1, எடை குறைந்ததற்கு 2, இரத்தத்தில் குளோபுலின் லிட்டருக்கு 40 கிராமுக்கு மேலிருந்தால் 3, வெள்ளணு எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 10,000-க்குக் கீழிருந்தால் 3. கூட்டி 6 அல்லது அதற்கு மேல் வந்தால் காசநோய் என்று கொண்டு சிகிச்சையைத் தொடங்கலாம். கைப்பக்குவத்தில் உப்பு பார்ப்பது போன்ற முறைதான். ஆனால் அந்தக் கைப்பக்குவம் எண்ணிச் சரிபார்க்கப்பட்டது.

எதற்கு இதையெல்லாம் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், முழு உறுதி கிடைத்த பிறகே மருந்து என்று காத்திருந்தால் பலருக்குக் காலம் கடந்துவிடும். காசநோய் பரவலாக உள்ள நாட்டில், உறைநீருக்கு வேறு காரணம் தெரியாதபோது, சோதனை முடிவுகளுக்குக் காத்திருக்கும்போதே சிகிச்சையைத் தொடங்கலாம் என்கின்றன சர்வதேச வழிகாட்டிகள். காசநோய் அரிதான நாட்டில் அப்படிச் செய்ய வேண்டாம் என்றும் அவையே சொல்கின்றன. நோய் எந்த ஊரில் வந்தது என்பதும் ஒரு சோதனை முடிவுதான்.

சிகிச்சையின் அடித்தளம் நுரையீரல் காசநோய்க்குத் தரும் அதே மாத்திரைகள். இந்தியாவில் முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள்: ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எத்தாம்புட்டால். அடுத்த நான்கு மாதம் பைரசினமைட் நீங்கலாக மற்ற மூன்று. அடிப்பிடித்த பால் சட்டியைத் தேய்த்தவர்களுக்கு இதன் கணக்கு எளிதில் புரியும். மேலே ஒட்டியிருப்பது முதல் தேய்ப்பில் போய்விடும், சட்டி பளிச்சென்று தெரியும். அடியில் கருகிய படலமோ ஊறப்போட்டு, நாள் விட்டு, திரும்பத் திரும்பத் தேய்த்தால்தான் விடும். வேகமாகப் பெருகும் கிருமிகளை ஐசோனியசிட் முதல் நாட்களிலேயே சாய்க்கிறது. அரைத்தூக்கத்தில் கிடந்து அவ்வப்போது விழிப்பவற்றை ரிஃபாம்பிசின் பிடிக்கிறது. அமிலச் சூழலில் பதுங்கியவை பைரசினமைட்டின் பங்கு. ஒரு மருந்துக்கு அடங்காத கிருமி தப்பிவிடாமல் காவல் நிற்பது எத்தாம்புட்டால். இரண்டே வாரத்தில் காய்ச்சல் போய்ப் பசி எடுக்கும். சட்டி பளிச்சென்று தெரியும் அந்த நேரத்தில் மாத்திரையை நிறுத்துகிறவர்கள்தான் பின்னால் அதிகம் தவிக்கிறார்கள்.

ரிஃபாம்பிசின் தொடங்கியதும் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும். அத்தை இரத்தம் என்று பயந்து ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்தார். முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தத் தவிப்பு இருந்திருக்காது. கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, பார்வை மங்கினாலோ, நிறம் பிரித்தறியத் தடுமாறினாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும். பாதத்தில் எரிச்சலும் மதமதப்பும் வராமலிருக்க பைரிடாக்சின் என்ற வைட்டமின் மாத்திரையைச் சேர்த்துத் தருவார்கள்.

சமையலறையைப் பற்றிப் பேசும்போது தட்டைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. காசநோய் என்று தெரிந்த நாளில் எங்கள் வீட்டில் ஒருவர் அத்தையின் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்துக் கொல்லைப்புறம் வைத்தார். காசநோய் தட்டு வழியாகப் பரவாது, டம்ளர் வழியாகப் பரவாது. நுரையீரலில் நோய் உள்ளவர் இருமும்போது காற்றில்தான் பரவும். உறையில் மட்டும் இருக்கும் நோய் அப்படியும் பரவுவதில்லை. நுரையீரலிலும் சேர்ந்து இருக்கிறதா என்று பார்க்கத்தான் சளிச் சோதனை. வீட்டிலேயே வைத்து மருந்து கொடுக்கலாம் என்பதை உலகத்துக்குக் காட்டியதே சென்னைதான். 1956-ல் இங்கே தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், வீட்டில் மருந்து உண்டவர்களையும் சானடோரியத்தில் தங்கி உண்டவர்களையும் ஒப்பிட்டு 1959-ல் முடிவை வெளியிட்டது. இரு சாராரும் ஏறக்குறைய ஒரேமாதிரி குணமானார்கள். வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்தும் வரவில்லை. அன்று மாலையே அத்தையின் தட்டு அடுக்களைக்குத் திரும்பி வந்தது.

கிருமிக்கு மருந்து கொடுத்தாயிற்று. நெடிக்கு? பொங்கும் பாலுக்கு அடுப்பைத் தணிப்பது போல உடலின் கோபத்தைத் தணிப்பது ஸ்டீராய்டு. தணித்தால் பால் வழியாது, தழும்பு குறையும் என்பது நம்பிக்கை. இதை முறையாகச் சோதித்தது தென்னாப்பிரிக்காவின் ட்ரான்ஸ்கை பகுதியில், 1980-களில். ஸ்ட்ராங் என்ற மருத்துவரும் குழுவினரும் பிரெட்னிசலோன் கொடுத்துப் பார்த்து 1987-லும் 1988-லும் நம்பிக்கையூட்டும் முடிவுகளை வெளியிட்டார்கள். அதே ட்ரான்ஸ்கையில் பிறந்து, கேப்டவுன் குரூட் ஷூர் மருத்துவமனையில் இதய மருத்துவரான போங்கானி மயோசி அந்தக் கேள்வியைப் பெரிதாக எடுத்துக்கொண்டார். எட்டு ஆப்பிரிக்க நாடுகள், 1,400 நோயாளிகள். ஆய்வின் பெயர் இம்பி. முடிவு 2014-ல் வந்தது.

மரணம், நீர் இறுக்கி ஊசி போட வேண்டிய நிலை, உறை இறுகுதல் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஸ்டீராய்டு எடுத்தவர்களில் 23.8 சதவீதம், எடுக்காதவர்களில் 24.5 சதவீதம், வேறுபாடு இல்லை என்றே கொள்ள வேண்டும். ஆனால் உறை இறுகுதலை மட்டும் பிரித்துப் பார்த்தால் 7.8 சதவீதம் 4.4 ஆகக் குறைந்திருந்தது. கஞ்சி காய்வதைத் தணல் குறைத்தால் தடுக்க முடிகிறது, எல்லா மரணத்தையும் தடுக்க முடியவில்லை. ஹெச்ஐவி உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டோடு சில புற்றுநோய்கள் கூடின என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. அதனால் அவர்களுக்கு ஆளைப் பார்த்துத்தான் முடிவு. இன்னொரு நுணுக்கமும் உண்டு. ரிஃபாம்பிசின், கல்லீரலைத் தூண்டி ஸ்டீராய்டை வேகமாக எரித்துவிடும். கொதி அதிகமானால் ரசத்துக்கு நீர் கூட்டி வைப்போமே, அதுபோல அந்த ஆய்வில் முதல் வாரம் நாளொன்றுக்கு 120 மில்லிகிராமில் தொடங்கி ஆறு வாரத்தில் படிப்படியாக இறக்கினார்கள்.

அதே ஆய்வில் இந்தியாவில் உருவான ஒரு தடுப்பூசியும் சோதிக்கப்பட்டது. டெல்லியில் பேராசிரியர் தல்வார் தொழுநோய்க்காக உருவாக்கிய அதில் இருந்தது 'மைக்கோபாக்டீரியம் இண்டிகஸ் பிரானி' என்ற கிருமி. பலன் கிடைக்கவில்லை. பலனில்லை என்று தெளிவாகத் தெரிந்ததால் யாருக்கும் வீணாக ஊசி போடாமல் இருக்க முடிகிறது. அதற்காகவும் அந்த 1,400 பேருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். மயோசி 2018-ல், 51 வயதில் காலமானார்.

அத்தைக்கு வருகிறேன். ஏழு மாதம் கழித்து வேறொரு மருத்துவமனையில் ஓர் இளம் மருத்துவர் அவரை நிமிர்ந்து உட்காரவைத்து, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து, கழுத்தையே இரண்டு நிமிடம் பார்த்தார். "மூச்சை இழுங்கம்மா" என்றார். நமக்கெல்லாம் மூச்சை இழுத்தால் இரத்தம் மார்புக்குள் உறிஞ்சப்பட்டுக் கழுத்து நரம்பு தாழும். அத்தைக்கு அது மேலே ஏறியது. இதுவும் குஸ்மால் 1873-ல் எழுதியதுதான். சமையலறைத் தொட்டியின் குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் எதிர்த்து ஏறுகிறதே, அதே கதை. கல்லீரல் கெட்டு வயிறு வீங்கினால் கழுத்து நரம்பு பொதுவாக இப்படிப் புடைப்பதில்லை. ஏழு மாதம் தேடிய விடை காலர் எலும்புக்கு மேலே நான்கு விரல்கடை தூரத்தில் துடித்துக்கொண்டிருந்தது. எக்கோவும் சிடி ஸ்கேனும் எடுத்தபோது உறை ஐந்தாறு மில்லிமீட்டர் தடித்திருந்தது. வழக்கமாக அது இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டாது.

நீர் இருந்தால் ஊசியால் எடுக்கலாம். விறைத்த துணியிலிருந்து எதை வடிப்பது? மாத்திரை தொடங்கினார்கள். இறுக்கம் தொடங்கிய நிலையிலும் சிலருக்கு மருந்திலேயே உறை தளர்வதுண்டு. அதனால் நான்கு முதல் எட்டு வாரம் பார்க்கச் சொல்கின்றன வழிகாட்டிகள். அத்தைக்குத் தளரவில்லை. எட்டாவது வாரம் அறுவை சிகிச்சை. மார்பைத் திறந்து, விறைத்த உறையை இதயத்தின் மேலிருந்து உரித்தெடுப்பது. சுட்ட கத்தரிக்காயின் தோல் விரலிலேயே வந்துவிடும், பச்சைக் காயின் தோல் சதையோடுதான் வரும். உறை எந்த அளவு ஒட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்தது அறுவையின் ஆபத்து. சுண்ணாம்பு ஏறிப்போனபின், உடல் மிகவும் நலிந்தபின் செய்தால் ஆபத்து இன்னும் கூடும். ஐந்து மணி நேரம் வெளியே காத்திருந்தோம். உரித்ததைக் காட்டினார்கள், கஞ்சி காய்ந்த துணி மாதிரியே இருந்தது.

அடுத்த நாளிலிருந்து சிறுநீர் லிட்டர் லிட்டராகப் பிரிந்தது. இரண்டு வாரத்தில் 14 கிலோ எடை குறைந்தது, அத்தனையும் தேங்கிய நீர். மாத்திரை ஆறு மாதமும் தொடர்ந்தது. இப்போது வருடத்துக்கு ஒரு முறை எக்கோ எடுத்துக்கொள்கிறார். முதல் எக்கோவுக்குப் போய்த் திரும்பும் வழியில் ஆசாரி கடையில் நிறுத்தச் சொன்னார். வெட்டி எடுத்த பழைய மெட்டியைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்தார். அதை உருக்கிச் செய்த புது மெட்டி பழையதைவிட ஒரு சுற்றுச் சிறியது.